மூலவோலை யார் கையில்?

(உண்மைப் படங்களுக்கென ஊர்தோறும் இருநாள் விழா எடுப்பது பற்றிக் கும்மிடிப்பூண்டித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



திரைப்படக்கலை பிறந்த நாளென்று பலரும் குறிப்பது 1895ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள். அன்று பாரிசு நகரில் இலூமியர் உடன்பிறப்பினர் இருவர் பத்துக் குறும்படங்களைத் திரையிட்டனர். அவற்றுள் முதலாவது எது? அரசன் கதையா? அன்று. காதற் கதையா? அதுவுமன்று. இலியோன் நகரத்துத் தொழிற்சாலையொன்றின் வாயில் திறக்கிறது. ஆடவரும் பெண்டிரும் வேலை முடிந்து வெளியே வருகின்றனர். ஒரு மணித்துளிக்குள் படம் முடிந்துவிடுகிறது. திரைக்கலையின் தொட்டிலில் கிடந்த குழந்தை, தொழிலாளர் வாழ்வின் உண்மைக் காட்சியே என்க!

ஆயினும் அப்படத்தில் ஒரு குறை உண்டு. அத் தொழிற்சாலை படம் பிடித்தவர்களுக்கே உரியது. உழைத்தவர் திரையில் நடக்கின்றனர், பேசவில்லை. அவர்தம் கூலி என்ன, நோய் என்ன, கனவு என்ன என்பதை இன்றளவும் எவரும் அறியார். நிகழ்ச்சி ஒருவருடையது, பதிவு மற்றொருவருடையது! இந்த முரணைத்தான் இன்றைய கூட்டம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், சிப்காட்டுத் தொழிற்பேட்டையின் வாயில்களிலிருந்து நாள்தோறும் பல்லாயிரவர் வெளிவரும் இக் கும்மிடிப்பூண்டிக்கும் அதே கேள்வி பொருந்தும். இம் மண்ணின் உண்மையை யார் பதிகின்றனர்? எம்மொழியில் பதிகின்றனர்? பதிந்ததை யார் காக்கின்றனர்?

'ஆவணப்படம்' என்று இன்று வழங்குகிறோமே, அச்சொல்லின் பழமையை எண்ணுக. ஆவணம் என்பது உரிமையை நாட்டும் ஓலை. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த வழக்கைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலை. மூலவோலை முதியவரிடம் இருந்தது. அதனால் வழக்கு நின்றது. படியைக் கிழித்தாலும் மூலம் இருந்தால் உரிமை நிலைக்கும். மூலம் போய்ப் படி மட்டும் எஞ்சினால்? அந்த அவலம் தமிழர்க்கு நேர்ந்தே இருக்கிறது!

கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ.கே. செட்டியார், 'உலகம் சுற்றிய தமிழன்' என்று போற்றப்பெற்றவர். 'குமரிமலர்' இதழின் ஆசிரியர். 1937 அக்தோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து தப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றிய உண்மைப்படம் ஒன்றை எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று அவர்க்கு அகவை இருபத்தாறும் நிரம்பவில்லை. கையில் பெரும் பொருளில்லை, பின்னால் அரசில்லை. நாடு நாடாக ஏறத்தாழ நூறாயிரம் கல் தொலைவு அலைந்தார். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்துவைத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து உருவான படம் 1940 ஆகத்து 23ஆம் நாள் சென்னையில் தமிழ்ப்படமாக வெளிவந்தது. பிறகு தெலுங்கிலும், விடுதலை நாளையொட்டி 1947இல் இந்தியிலும், 1953இல் அமெரிக்காவில் சுருங்கிய ஆங்கில வடிவிலும் அது காட்டப்பெற்றது.

உலகம் போற்றிய ஒருவரைப் பற்றிய முழுநீள உண்மைப்படம் முதன்முதலில் தமிழ் பேசியது! இப் பெருமையை எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அறிவர்?

பெருமையை அடுத்து வருவது வேதனை. பின்னாளில் பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அப்படத்தைத் தேடியலைந்தபோது அவர் கைக்கெட்டியது, அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோ பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்திலிருந்த அந்த ஆங்கிலச் சுருக்கமே. தமிழ்ப்படி அகப்படவில்லை. அயலான் தன் மொழிப் படியை எண்ணிட்டு, பெயரிட்டு, அடுக்கில் வைத்துக் காத்தான். தமிழன் தன் மூலவோலையைத் தொலைத்தான். ஆங்கிலேயன் பறித்தானா? வடவன் அழித்தானா? இல்லை! பகைவர் எவரும் வேண்டாதபடி, தமிழர்தம் புறக்கணிப்பே அதனைச் செய்து முடித்தது.

இஃது ஒற்றை நிகழ்ச்சியன்று. நடராச முதலியார் எடுத்த தென்னாட்டின் முதல் ஊமைப்படமான 'கீசகவதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதற் பேசும்படம் 'காளிதாசு' இல்லை; அதன் பாட்டுப் புத்தகம் உண்டு, படம் இல்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் வகையினது என்பது மெய். ஆனால் சுருள் எரிந்தது பாதி என்றால், அக்கறை எரிந்தது மறுபாதி என்பதும் மெய்யே.

தமிழர் தம்மைத் தாமே பதியாத காலத்தில் வேறொருவர் பதிந்தனர். 1948இல் பம்பாயில் நிறுவப்பெற்ற நடுவணரசின் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திச்சுருள்களையும் விளக்கப்படங்களையும் திரையரங்குகள் கட்டாயம் காட்டியாக வேண்டியிருந்தது. அதற்கு வாடகையும் கட்டியாக வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்கள் இருட்டில் அமர்ந்து, தில்லிக்கு உகந்த உண்மையை, மொழிபெயர்த்த தமிழில் கேட்டனர். அணை திறப்பு உண்டு. அமைச்சர் வரவேற்பு உண்டு. அணைக்கு நிலம் தந்தவன் குரலைக் கேட்டவர் எத்தனை பேர்? அப்பிரிவும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனிப்பெயரை இழந்தது.

இனி, உண்மை நிகழ்ச்சியைத் தழுவிய கதைப்படங்களுக்கு வருவோம். உள்ளத்தின் தூய்மை உண்மை. வாயின் தூய்மை வாய்மை. மெய்யாகிய உடம்பின் தூய்மை மெய்மை என்று பொருள் பிரித்து உரைப்பது தமிழ் மரபு. ஒரு படத்தை அளக்கவும் இம் மூன்று கோல்களே போதும்.

த.செ. ஞானவேல் இயக்கிய 'செய் பீம்' 2021இல் வெளிவந்தது. 1993இல் கடலூர் மாவட்டத்தில், முதனையைச் சேர்ந்த இராசாக்கண்ணு காவலில் கொல்லப்பட்ட கொடுமையும், வழக்கறிஞர் சந்துரு உயர்முறைமன்றத்தில் நடத்திய வழக்கும் அதன் கரு. அப்படத்தைக் கண்டு தமிழகமே கலங்கியது. நன்று. ஆனால் இராசாக்கண்ணு குறவர் குடியினர். படமோ அவரை இருளராகக் காட்டியது. இருளர் மிகுதியாக வாழும் மாவட்டங்களுள் திருவள்ளூரும் ஒன்று. செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாய் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் துயரை இம் மாவட்டம் அறியும். ஆகலின் இருளர் துயரைத் திரையில் காட்டியது பிழையன்று. படத்தின் உள்ளத்தில் உண்மை உண்டு. எனினும் குறவர்தம் இழப்பு குறவர் பெயரிலேயே எங்கே பதிவாகும்? கதைப்படம் விட்ட இடத்தை ஆவணப்படமே நிரப்ப வேண்டும். படம் முடிந்தபின் விளக்கேற்றி, "இதில் நடந்தது எது? புனைந்தது எது?" என்று மக்கள் கேட்கும் அவை வேண்டும். அந்த அவைதான் விழா; படம் அதற்கு வாயில்.

வெற்றிமாறனின் 'விசாரணை'யைக் காண்க. அச்சொல்லுக்கு 'உசாவல்' என்னும் நல்ல தமிழ் இருக்கிறது, அது நிற்க. ஆந்திரத்துக் குண்டூரில் பிழைக்கச் சென்று, செய்யாத குற்றத்திற்காகக் காவலில் வதைபட்ட மு. சந்திரகுமார், கோவையில் தானி ஓட்டிப் பிழைத்துக்கொண்டே தம் பாட்டை நூலாக எழுதினார். அந்நூலின் வழிவந்த படம் 2015இல் வெனிசு திரைவிழாவில் காட்டப்பெற்றது. அடுத்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆசுகர் போட்டிக்கும் அனுப்பப்பெற்றது. மொழி தெரியாத ஊரில், எதற்கு அடிபடுகிறோம் என்பதும் விளங்காமல் அடிபடும் தமிழிளைஞரைக் கண்டு கண்ணீர் விடாத தமிழர் இலர்.

அக் கண்ணீர் மெய்யானால், கும்மிடிப்பூண்டித் தமிழர்க்கு ஒரு கடன் உண்டு. ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இவ்வூர் உருக்காலைகளில் வேகும் இளைஞரும் மொழி தெரியாத ஊரில்தான் நிற்கின்றனர். மண்ணின் மக்கட்கே வேலையில் முதலிடம் என்னும் உரிமைக்குரல் வேறு. அதனை ஆள்வோரிடமும் ஆலை முதலாளியிடமும் ஓங்கி எழுப்புக! கூலியாய் வந்த ஏழையை இகழ்வது வேறு, அது தமிழன்று. குண்டூரில் தமிழனுக்கு நேர்ந்தது கும்மிடிப்பூண்டியில் எவனுக்கும் நேரலாகாது என்று சொல்லும் துணிவு உடையவனே அப்படத்தைக் கண்டவன்.

உண்மைப்படத்திற்கு எதிர்ப்பும் உண்டு. மாந்தக் கழிவை மாந்தரே அள்ளும் இழிவை அமுதன் மதுரையில் படமாக்கி, 2003இல் 'பீ' என்று பச்சைத் தமிழில் பெயரிட்டார். திவ்யபாரதி அதே கொடுமையைத் தமிழகமெங்கும் சென்று பதிந்து, 2017இல் 'கக்கூசு' என்னும் படமாக்கினார். பல இடங்களில் காவல்துறை திரையிடலைத் தடுத்தது. அவர் அதனை வலையொளியில் எல்லார்க்கும் திறந்துவைத்தார். 'கக்கூசு' என்பது ஒல்லாந்தர் சொல். அவ் ஒல்லாந்தர் 1613இல் கோட்டை கட்டியது இதே மாவட்டத்துப் பழவேற்காட்டில்! அவர்தம் கோட்டை இடிந்தது, கல்லறைகள் எஞ்சின, சொல் மட்டும் தமிழர் வீட்டுக்குள் புகுந்து நின்றது. தமிழ்ப் பெயரைச் சொல்ல நாணும் நாகரிகம், அவ் வேலையை ஒரு குலத்தார் தலையில் சுமத்த நாணவில்லையே! அயற்சொல் எத்தகைய திரையாய்ப் பயன்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாறே, 1968 திசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததைப் பாரதி கிருட்டிணகுமார் 2005இல் 'இராமையாவின் குடிசை' என்று படமாக்கினார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து! சான்று சொல்லும் முதியோர் சிலரேனும் உயிரோடிருந்ததால் அப்படம் முடிந்தது. இன்னும் தாழ்ந்திருந்தால்?

இக்கேள்வி கும்மிடிப்பூண்டியில் நெஞ்சைச் சுடும். ஏனெனில் ஈழத்து ஏதிலியர் வாழும் பெரிய முகாம்களுள் ஒன்று இவ்வூரில் உள்ளது. 2021இல் அரசு அதனை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது, அங்குள்ள பாட்டியரின் நினைவைப் பதிந்தது யார்? 2009இன் இறுதிப் போரைப் பற்றிக் கேலம் மெக்ரே என்னும் பிரித்தானியர் 2013இல் 'போர் தவிர்ப்பு வலயம்' என்று பொருள்படும் படத்தை எடுத்தார். இந்தியத் தணிக்கை வாரியம் 2014இல் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. அப்பெருமகனுக்குத் தமிழினம் நன்றி சொல்லட்டும். ஆனால் அதுவும் ஆங்கிலம் பேசும் ஓலையே. கடல் கடந்த இரவையும், விட்டு வந்த வீட்டையும், புதைத்த பிள்ளையையும் யாழ்ப்பாணத் தமிழிலும் வன்னித் தமிழிலும் சொல்லக்கூடிய வாய்கள் இங்கே, தொடர்வண்டி நிலையத்திற்கு அண்மையில் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றுள் சில மூடிவிடுகின்றன. மூலவோலைகள் மண்ணுக்குள் போகின்றன!

ஆகவே செய்யத்தக்கது யாது?

மதுரையில் 'மறுபக்கம்' என்னும் குழுவினர் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வந்துள்ளனர். பெரும் முதலாளியை நம்பாமல் அங்கு இயன்றது திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இயலாதோ? காரி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள் போதும். ஒரு பள்ளிக்கூடம், ஒரு வெண்திரை, கட்டணமில்லா நுழைவு போதும். மூன்று நெறிகளை மட்டும் பிறழாமல் கொள்க.

ஒன்று: எம்மொழிப் படமாயினும் அதன் உரையாடல் தமிழெழுத்தில் திரையடியில் ஓடவேண்டும், படத்தின் பின் ஒரு மணிநேரம் தமிழில் கலந்துரையாடல் நடக்கவேண்டும். அங்கே முதற்பேச்சு, படத்தில் வரும் வாழ்வை வாழ்ந்தவர்க்கே உரியது. மீனவர் படமாயின் பழவேற்காட்டு மீனவர் பேசுக. ஆலைப் படமாயின் விரலிழந்த தொழிலாளி பேசுக.

இரண்டு: திரையிடுவதோடு நில்லாமல், எடுக்கவும் வேண்டும். கைப்பேசியில்லாத இளைஞன் இன்று யார்? ஒவ்வொரு மாணவனும் ஆண்டுக்கு ஒரு முதியவரை, அவர் ஒப்புதலோடு, அவர் பேசும் தமிழிலேயே, வெட்டாமல் ஒட்டாமல் பதிவானாக!

மூன்று: பதிந்ததைக் காக்கவேண்டும். பெயர், ஊர், நாள், பதிந்தவர் எனக் குறிப்பெழுதி, மூன்று படிகள் எடுத்து, மூன்று வேறிடங்களில் வைக்கவேண்டும். அவற்றுள் ஒன்று ஊர் நூலகமாக இருக்கவேண்டும். கைப்பேசி தொலைந்தால் ஆவணமும் தொலையும். நூறாயிரம் கல் அலைந்து ஒருவர் திரட்டியதைக் காக்கத் தவறிய இனம், மீண்டும் அப்பிழை செய்யலாகாது.

தமிழுக்காகச் சிறை சென்றோர் உண்டு. உயிர் ஈந்தோர் உண்டு. இப்பணி அத்துணை பெரிய ஈகத்தைக் கேட்கவில்லை. வாரத்தின் இறுதியில் இரண்டு நாளையும், ஒரு முதியவர் பேசி முடிக்கும்வரை இருந்து கேட்கும் பொறுமையையுமே கேட்கிறது. வழக்கு வரும் நாளில் அவையின் முன் மூலவோலையை எடுத்து நீட்டவல்ல இனமே உரிமையோடு வாழும். எழுக தமிழர்! பதிக உண்மை! காக்க ஆவணம்!