காதல் புதினங்களும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

கல்வியின் மேன்மை குறித்துப் பேசுமாறே நம்மை அழைத்தனர். நமக்கு முன் பேசிய மூவரும் அதனைக் குறைவறப் பேசிவிட்டமையால், தலைவரின் இசைவோடு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். சென்ற கோடையில் நம் சங்க நூலகத்தின் இரவல் பதிவேட்டைப் புரட்டினோம். போட்டித் தேர்வு நூல்களுக்கு அடுத்தபடியாக மிகுதியும் வெளியே சென்று வந்தவை காதல் புதினங்களே. அவற்றை அகற்றிவிட வேண்டுமெனப் பெற்றோர் சிலர் எழுத்து மூலமாகவே கேட்டுள்ளனர். தீர்ப்புக் கூறுமுன் படித்துப் பார்ப்பது முறையாகுமென்று, விடுமுறை முழுவதும் அவற்றையே படித்தோம். மின்சார ரயிலில் நம் கையில் ரமணிசந்திரன் புதினத்தைக் கண்ட பழைய மாணவர் ஒருவர், வணக்கம் சொல்லிவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

முதற்கண் நம் குற்றம் ஒன்றைக் கூறியாக வேண்டும். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அறிவியல் நூலுக்குள் மாத நாவல் ஒன்றை மறைத்துப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். நூலைப் பறித்தோம், தந்தையாரை வரவழைத்தோம். கண்டிப்பே கல்வியென அன்று எமக்குத் தோன்றிற்று. மறுவாரம் முதல் அம்மாணவி பள்ளிக்கு வரவில்லை. இரண்டாண்டில் மணம் முடித்துவிட்டனர். இன்று அவ்வம்மையார் மீஞ்சூரில் மீன் விற்கிறார். அண்மையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் போவட்டும் சார். அந்தக் கதையோட முடிவு என்னாச்சுன்னுதான் இன்னும் தெரியல" என்றார். நூலின் பெயர் அவருக்கும் நினைவில்லை, எமக்கும் நினைவில்லை.

ஆதலின், ரமணிசந்திரன் போன்றோர் எழுதிய குடும்பக் காதல் கதைகளை இழித்துரைக்க நமக்கு வாய் எழவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களை அவ்வம்மையார் எழுதியுள்ளார். தெளிந்த நடை, ஆபாசம் அறவே இல்லை. பாடநூலின் ஒரு பத்தியில் நான்கிடத்தில் தடுக்கி நிற்கும் பெண், இருநூறு பக்கத்தை இரண்டு இரவில் முடித்து விடுகிறாள். இது சிறிய நன்மையன்று. எனினும், கதைத் தலைவனின் தந்தைக்குத் தொழிற்சாலை உண்டு. அத்தொழிற்சாலையில் உழைப்போர் எத்தெருவினர் என்பது தெரியவராது. தலைவி வறியவளாக வருவாள். அவ்வறுமையோ நூல் முடியுமுன் தீர்ந்துவிடும் வறுமை. பாட்டன் காலந்தொட்டு வரும் வறுமை அன்று. கடல் வருமாயின், மாலையில் உலாவுதற்கே வரும்.

சாண்டில்யனின் 'கடல் புறா' போன்ற வரலாற்றுக் காதல்களையும் நம் இளைஞர் விரும்பி எடுக்கின்றனர். பல்லவ வீரனும் கடாரத்து இளவரசியும் காதலிக்கின்றனர், மரக்கலங்கள் மோதுகின்றன. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அம்மரக்கலங்களுக்கு மரம் அறுத்தவரும் துடுப்பு வலித்தவரும் யாரையேனும் காதலித்தனரா என்பதை மட்டும் ஆசிரியர் கேட்கவில்லை.

கடலோர மக்களின் காதலைக் கூறும் நூல்களுக்கு வருவோம். 1956-இல் மலையாளத்தில் வெளிவந்த தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் நமக்குக் கிடைக்கிறது. மீனவப் பெண் கறுத்தம்மா, இசுலாமிய வணிகன் பரீக்குட்டியை நேசிக்கிறாள், பழனியை மணக்கிறாள். கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலிற் சென்ற கணவனைக் காக்கும் என்னும் நம்பிக்கை கதையின் அச்சாணி. இறுதியில் மூவரும் மாள்கின்றனர். இக்கதையை மாலை வகுப்பில் நாம் சொன்னபோது, குப்பத்து மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார்: "காத்தும் நீரோட்டமும் செய்யற வேலைக்கு வூட்ல இருக்கறவ மேல பழியா?" இதனினும் சிறந்த மதிப்புரையை நாம் படித்ததில்லை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நம் உள்ளத்துக்கு இன்னும் நெருங்கியது. விசைப்படகினர்க்கும் வல்லத்தினர்க்கும் பகை மூண்ட ஊரில் பிலோமி சாமிதாசை நேசிக்கிறாள். அவன் வேறொருத்தியை மணக்கிறான். அவளோ அவனை வெறுக்கவுமில்லை, உயிரை விடவுமில்லை. ஏமாற்றத்தைத் தாங்கி வாழும் அப்பெண்ணை நம் மாணவிகள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆயினும், இவ்விரு நூல்களும் நம் ஏரிக்கரையின் சிக்கலை முழுவதும் தொடவில்லை. வெளியூர் விருந்தினர்க்காக ஒன்று சொல்கிறோம். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் பழைய முறை உண்டு. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்து முடிவு செய்யும் ஏற்பாடு அது. மரபுப்படி அவ்வுரிமை மீனவச் சமூகத்திற் பிறந்து, மணமாகித் தலைக்கட்டாகப் பதிந்த ஆடவர்க்கே உரியது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் நம் காலனி மக்களுக்கு அதில் பங்கில்லை. இங்கே ஒருவன் எவளை மணக்கிறான் என்னும் கேள்வியோடு, அவன் வலை எங்கே இறங்கும் என்னும் கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

சாதியைத் தாண்டிய காதலை நேரே எழுதிய அண்மைக் கால நூல்களுக்கு வருவோம். இமையத்தின் 'பெத்தவன்' 2012-இல் வெளிவந்தது. தலித் இளைஞனை நேசித்த மகளைக் கொன்றுவிடுமாறு ஊர் கூடித் தந்தைக்கு ஆணையிடுகிறது. அவரோ மகளை இரவோடிரவாகத் தப்ப விட்டுத் தாம் உயிர் துறக்கிறார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தை அடுத்துத் தருமபுரி மாவட்டம் நத்தம் முதலிய நம் மக்களின் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அம்மணமகன் இளவரசன் 2013 சூலையில் இறந்துபட்டார். அவருக்கே பெருமாள்முருகன் தம் 'பூக்குழி'யைப் படையலாக்கினார். சோடாக் கடையில் உழைக்கும் குமரேசன், சரோசாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். சரோசா என்ன சாதி என்பதை ஆசிரியர் ஓரிடத்தும் கூறவில்லை. முதலில் இது நமக்குச் சினமூட்டிற்று. பெயரைச் சொல்ல ஏன் தயக்கம் என்று எண்ணினோம். இரண்டாம் முறை படிக்கையில், ஊரார் ஒவ்வொருவரும் அவளை அக்கேள்வியாலேயே துளைப்பதைக் கவனித்தோம். விடை தெரிந்துவிட்டால் படிப்பவனும் அக்கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான். அக்கேள்வியை மட்டும் நம் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் விலகி நிற்கிறார். இந்நூலின் ஆங்கில ஆக்கம் 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது.

சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' (2018) எம்மை உறங்கவிடாத நூல். பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டுநர் ரவியை மணந்து, தீயில் வெந்து, புதுவை ஜிப்மர் மருத்துவமனையிற் கிடக்கிறாள். அவள் தந்தை ஒரு தலைமையாசிரியர். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அறிவுரை கூறியவர், மகளோடு பேசாதிருந்தவர். அந்நூலில் நம் முகத்தை நாம் பலமுறை கண்டோம்.

இந்நூல்களைப் படித்து முடித்த இளைஞர் ஒருவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தப் பணியிலிருப்பவர், எம்மிடம் கேட்டார்: "ஐயா, இனிதாக முடியும் கதைகளில் நாம் இல்லை. நாம் இருக்கும் கதைகள் தீயில் முடிகின்றன. நாங்கள் எதைப் படித்துக் காதலிப்பது?"

அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. தீயை எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர்கள் எழுதாவிடின் தீ வைத்தவர் தப்பிவிடுவர். ஆனால் அணையாமல் எரியும் அடுப்பும் நம்மிடையே உண்டு. நம் வட்டாரத்திலேயே காலனி இளைஞரும் குப்பத்துப் பெண்ணும் மணந்து பதினெட்டு ஆண்டுகளாய் வாழ்ந்து வருகின்றனர். முதல் நான்காண்டு மீஞ்சூரில் வாடகை வீடு. பிறகு திரும்பி வந்தனர். அவருக்குப் பாட்டில் இடமில்லை. ஆகவே படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். அவரை ஒதுக்கியோரின் எஞ்சின்களும் அவர் கொட்டகைக்கே வருகின்றன. அம்மையாரின் தாய் ஒன்பதாம் ஆண்டில் பேரனைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனார். பதினோராம் ஆண்டில் உள்ளே வந்து சோறுண்டார். அவ்விரண்டாண்டு இடைவெளியை எழுதுதற்கு எத்துணைப் பக்கம் வேண்டும்! அதில் எவரும் சாவதில்லை. ஆதலால்தானோ என்னவோ எவரும் எழுதவில்லை.

அண்ணல் அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, அம்மாநாடே கைவிடப்பட்டமையால் பேச இயலாது, 1936-இல் தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், கலப்பு மணமே சாதிக்கு உண்மை மருந்தென்றார். 1967-இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பை அளித்தது. இவற்றைப் பாடமாகப் போதிக்கும் நாம், காதல் என்னும் சொல் தாங்கிய நூலைக் கண்டு அஞ்சுவது பொருந்துமா? பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. நத்தத்தில் எரிந்தவை நம்மவர் வீடுகளே. ஆயினும், படிக்காத பெண்ணை அத்தீ விட்டுவிடும் என்பதற்கு என்ன உறுதி? நூலைப் பறித்தவனாகவே சொல்கிறோம்: பறித்ததால் அன்று காப்பாற்றப்பட்டவர் எவருமில்லை.

எனவே, அகற்றும் தீர்மானம் நிருவாகக் குழுவில் வருமாயின், எதிர்ப்போர் வரிசையில் எம் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். 'பெத்தவன்', 'பூக்குழி', 'கடல்புரத்தில்' ஆகியவற்றில் இவ்விரண்டு படிகளை எம் செலவில் நூலகத்துக்கு அளிக்கிறோம்.

இன்னுமொரு வேண்டுகோள். அம்மையார் தொண்ணூறு பக்கம் வரை படித்த அக்கதையில், தாயை இழந்த பெண்ணொருத்தி மலைமேல் ஒரு மாளிகைக்குக் கணக்கெழுதும் வேலைக்கு வருகிறாள். வீட்டுக்காரன் அவளோடு பேசுவதேயில்லை. மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. இக்கதையைப் படித்தவர் எவரேனும் இவ்வவையில் இருப்பின், அதன் பெயரை நூலகரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.