மடவை துள்ளும் கழிமுகம்



வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் இலையுதிர்காலம் வந்தால் மக்கள் குடும்பத்தோடு ஆற்றங்கரைகளில் கூடுவர். கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் தாம் பிறந்த ஆற்றை நாடி எதிர்நீச்சலிட்டு வரும். அருவி குறுக்கிட்டால் 3 மீட்டர் உயரங்கூடத் தாவும். அதைக் காணவே அவ்வளவு கூட்டம்! நம் தமிழ்நாட்டு ஆறுகளில் சால்மன் இல்லை. ஆயினும் துள்ளும் மீனுக்கு இங்குப் பஞ்சமில்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே அனுமந்தை என்னும் ஊர் இருக்கிறது. அதன் கிழக்கே வங்கக் கடல். மேற்கே கழுவெளி என்னும் பெரிய நீர்நிலை. எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கழுவெளி கடலோடு கலக்கிறது. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் தேங்கும். கழுவெளியில் நன்னீர் பெருகிக் கடலை நோக்கி ஓடும்.

இத்தகைய கழிகளில் வாழ்வது மடவை மீன். அமைதியான நீர்ப்பரப்பிலிருந்து திடீரென்று வெள்ளித் தகடுபோல் எழுந்து, பளிச்சிட்டு, மீண்டும் நீரில் விழும். துரத்தும் பெரிய மீனிடமிருந்து தப்பவும், நீரில் பிராணவாயு குறையும்போது காற்றைப் பெறவும் அது துள்ளுகிறது என்பர் ஆராய்ச்சியாளர்.

சால்மனின் பயணமும் மடவையின் பயணமும் நேர்மாறானவை. சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்கிறது. மடவையோ கடலில் முட்டையிடுகிறது. விரலளவுகூட இல்லாத அதன் குஞ்சுகள் கழிமுகத்தின் வழியே புகுந்து, இரை மிகுந்த கழியில் வளர்கின்றன. ஆனால் இரண்டுக்கும் தேவை ஒன்றே: அடைபடாத வழி. மணல்மேடு கழிமுகத்தை மூடினாலும், வலைகள் அதை முற்றும் மறித்தாலும் குஞ்சுகள் உள்ளே வர இயலாது. எவ்வளவு துள்ளினாலும் அத்தடையைக் கடக்க முடியுமா?

காவிரியின் கதையை நினைத்துப் பாருங்கள். உள்ளம் என்னும் சுவைமிக்க மீன் முன்பு கடலிலிருந்து அவ்வாற்றில் மேலேறி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. உழவு செழித்தது, உள்ளமோ அருகிப் போயிற்று.

அடைத்த வழியைத் திறந்தால் மீன் திரும்புமா? திரும்பும். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024-இல் நிறைவுற்றது. நூறாண்டுகளுக்கு மேல் மறிக்கப்பட்டிருந்த பகுதிக்கு அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலேயே சால்மன்கள் ஏறி வந்தன!

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைக்கு இரை மீன்; மீனுக்கு வாயில் கழிமுகம். ஆகவே, மழை சற்று ஓய்ந்த நாளில் பெற்றோருடன் அங்குச் செல்லுங்கள். கரையில் நின்றபடியே மடவை துள்ளுவதைக் கண்டு மகிழுங்கள். அத்துடன், கழிமுகம் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நாளைக்கும் மீன் துள்ளுமா என்பதை அது உங்களுக்குச் சொல்லிவிடும்.