அரிப்புக்குக் காரணம் கேளுங்கள்!

(கருணாபுரம் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சமுமல்ல, நரகமுமல்ல. தோலில் வரும் அரிப்பு. இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். இராமுழுதும் சொறிந்துகொண்டு தூங்காதவன் சிரிக்க மாட்டான்.

ஒருவனுக்கு ஆறு மாதமாக அரிப்பு. பாட்டி நாகதோஷம் என்கிறாள். ஜோசியன் ராகு என்கிறான். கோயிலில் உப்பும் மிளகும் கொட்டியும் போகவில்லை. பிறகு மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூசுகிறான். மூன்றாம் நாள் அடங்குகிறது. நிறுத்தியதும் இரண்டு பங்காய்ப் பரவுகிறது. கேட்டால் ஒருவர் "ரத்தம் கெட்டது" என்கிறார். மற்றொருவர் "அலர்ஜி" என்கிறார். இவர்களில் ஒருவராவது சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாரா? வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு என்று கேட்டாரா? பாராமல் சொல்லும் பேச்சு ஜோசியன் வாயில் வந்தால் மூடநம்பிக்கை, மருந்து விற்பவர் வாயில் வந்தால் அறிவா?

அந்த டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. வேறு சில தோல் நோய்களுக்கு அது நல்ல மருந்தே. ஆனால் படர்தாமரை ஒரு காளான். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும்; காளானையோ வளரவிடும்; நோயின் உருவத்தையே மாற்றி வைத்தியரையும் ஏமாற்றும். இதனால்தான் 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்றது. தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால் காளான் இழை தெரியும். சந்தேகம் தீர அதுவே வழி.

சொறி சிரங்கோ வேறு. இரவில் அதிக அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், வீட்டில் பலருக்கும் வருதல் ஆகியவை அதன் அடையாளம். தோலைக் குடைந்து முட்டையிடும் சிறு பூச்சியே காரணம். 1687இல் இத்தாலியில் போனோமோ என்ற வைத்தியரும் செஸ்டோனி என்ற மருந்துக்கடைக்காரரும் அதைக் கண்டு சொன்னார்கள். பெரிய வைத்தியர்கள் ரத்தக்கேடு என்றே சொல்லிவந்தார்கள். 1834இல் கார்சிகாத் தீவிலிருந்து வந்த ரெனுச்சி என்ற மாணவர், பாரீசில் ஊசி நுனியால் அப்பூச்சியை எடுத்து எல்லோர் கண்ணுக்கும் காட்டினார். அந்த வித்தையை அவர் கற்றது தம் ஊர் ஏழைப் பெண்களிடம்! பண்டிதன் மறுத்ததைப் பாமரப் பெண் கண்ணால் கண்டிருந்தாள்.

இதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு உண்டு. வைத்தியர் சொன்னபடி கழுத்திலிருந்து பாதம்வரை இரவில் பூசி, காலையில் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசவேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசவேண்டும். துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும். பூச்சி செத்தபின்னும் சில வாரம் அரிப்பு இருக்கலாம். அதற்காக மறுபடி ஜோசியனிடம் ஓடாதீர்கள்.

தோழர்களே! உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத சரக்கு என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் இவ்வூர் பிணங்களை எண்ணி அறிந்தது. மெத்தனால் கண்ணுக்குத் தெரியவில்லை. டியூபிலிருப்பதோ மேலேயே அச்சிட்டிருக்கிறது. படித்துக் கேளுங்கள்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவருவது ஒருநாள் கூலி போகும் காரியமென்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு டியூபுக்குப் போகும் காசும் கூலிதானே? கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூசிய டியூப்களையும் கையோடு கொண்டுபோங்கள். "இது என்ன நோய்? எதைக் கண்டு சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாய்க் கேளுங்கள். கேட்பது வைத்தியருக்கு அவமானமல்ல. கேளாதிருப்பதே நமக்கு அவமானம்.