இணையதளத்துக்கு ஆண்டுதோறும் ஏன் பணம்?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு திருமண மண்டபமோ அரிசி ஆலையோ பட்டுச் சேலை விற்பவரோ இணையதளம் தொடங்க நினைத்தால், வடிவமைப்பாளரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஃப்ரீயா பண்ண முடியாதா?" வாட்ஸ்அப்புக்குக் காசு இல்லை, ஃபேஸ்புக்குக்குக் காசு இல்லை, வெப்சைட்டுக்கு மட்டும் வருடா வருடம் ஏன் கட்ட வேண்டும் என்ற அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குத் தெளிவான பதில் சொல்வது வடிவமைப்பாளரின் கடமை.

கட்டும் பணம் மூன்று வகைக்குப் போகிறது. முதலாவது டொமைன் என்னும் முகவரி. டாட் இன் முகவரிகள் 2005 முதல் பொதுமக்கள் எளிதில் பதிவு செய்யும்படி திறந்துவிடப்பட்டன. இந்த முகவரியை ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கிவிட முடியாது. கெடு முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது ஹோஸ்டிங். படங்களும் விலைப்பட்டியலும் இரவு பகலாக ஓடும் சர்வரில் இருப்பதற்கான வாடகை அது. மூன்றாவது தளத்தை இயக்கும் மென்பொருளும் அதன் பராமரிப்பும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம்தான்; ஆனால் அதை அப்டேட் செய்யவும், பேக்கப் எடுக்கவும், ஊடுருவல் நேராமல் காக்கவும் ஆள் வேண்டும். விக்ஸ், ஷாப்பிஃபை, தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோ போன்றவை இந்த வேலைகளைச் சேர்த்தே செய்து சந்தா வாங்குகின்றன.

உத்திரமேரூர்க்காரருக்குப் பராமரிப்புச் செலவைப் புரியவைப்பது கடினமல்ல. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள, கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. அந்த உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஆண்டு குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஏரியை வெட்டியதோடு வேலை முடிவதில்லை. கரையையும் மதகையும் ஆண்டுதோறும் கவனித்தால்தான் தண்ணீர் நிற்கும். இணையதளமும் அப்படியே.

இலவசத் தளங்களில் முகவரி அந்த நிறுவனத்தின் பெயரோடு ஒட்டியிருக்கும். பலவற்றில் பிறர் விளம்பரமும் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒருநாள் அந்தச் சேவையே மூடப்படுவது. யாஹூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுள் இலவசமாகத் தந்த வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் சேலைப் பையிலும் அச்சடித்திருந்தால் அத்தனையும் வீண். பட்டுச் சேலைக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் போலிச் சேலைகளும் விற்கப்படுகின்றன. வெளியூர் வாடிக்கையாளர் நம்பி வர, நெய்பவரின் பெயரிலேயே நிலையான முகவரி வேண்டும்.

செலவை எடுத்துச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. கொட்டேஷனில் வடிவமைப்புக் கூலியையும் ஆண்டுக் கட்டணத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையோடு இரண்டாம் ஆண்டில் கட்ட வேண்டிய தொகையையும் காட்ட வேண்டும். அதை மறைத்தால் புதுப்பிக்கும் நாளில் சண்டைதான் வரும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்றால் மாதம் 500 என்று பிரித்துச் சொல்லி, மண்டபத்துக்கு வெளியூரிலிருந்து வரும் ஒரே ஒரு முகூர்த்த புக்கிங்கின் வாடகையோடு ஒப்பிட்டுக் காட்டினால் கணக்கு உடனே விளங்கும்.

எல்லோருக்கும் கட்டணத் தளம் தேவையில்லை. பக்கத்துத் தெருவினரை மட்டுமே நம்பி நடக்கும் தையல் கடைக்கு கூகுள் மேப் பதிவும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும். அதை வடிவமைப்பாளரே முன்வந்து சொல்ல வேண்டும். தேவையில்லாததை வேண்டாம் என்று சொல்பவர், தேவையானதை வாங்கச் சொல்லும்போது மக்கள் நம்புவார்கள்.

கடைசியாக, டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் வாடிக்கையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். ஓடிபி அவருடைய செல்பேசிக்கே வர வேண்டும். அப்போதுதான் வடிவமைப்பாளரை மாற்றினாலும் தளம் அவர் கையை விட்டுப் போகாது. பணம் கொடுத்தவருக்கே அது சொந்தமாக இருக்கும்.