நோன்பும் ஓட்டமும்



நம் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள், பந்தயத்தில் ஓடுகிறார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பும் வைக்கிறார்கள். சிலர் ஏகாதசி, நவராத்திரி விரதம் இருக்கிறார்கள். "சாப்பிடாமல் ஓடலாமா, ஐயா?" என்று தாய்மார்கள் என்னைக் கேட்பதுண்டு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பசியை உடம்பு ஓரளவு தாங்கும். ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து வைத்திருக்கிறது. அது குறைந்தால் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். வேகம் குறையும், அவ்வளவுதான்.

தாகம் அப்படி இல்லை. தண்ணீரைச் சேர்த்து வைக்க உடம்பில் தொட்டி கிடையாது. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் 1 லிட்டர் வியர்வை போய்விடலாம். 50 கிலோ எடை உள்ள பிள்ளைக்கு அது நூற்றில் 2 பங்கு. அதற்கே கால் தளரும், கவனம் சிதறும், உடம்பு கொதிக்கும்.

நவராத்திரியில் பலர் பால், பழம் சாப்பிடுவார்கள், தண்ணீரும் குடிப்பார்கள். அதில் தொல்லை குறைவு. வடநாட்டில் நிர்ஜலா ஏகாதசி கோடையில் வருகிறது. அன்று தண்ணீரும் கிடையாது. ரம்ஜான் நோன்பிலும் பகல் முழுவதும் தண்ணீர் இல்லை.

அப்படியானால் நோன்போடு ஆடவே முடியாதா? முடியும். அமெரிக்காவில் ஹக்கீம் ஒலாஜுவான் என்ற கூடைப்பந்து வீரர் 1995 பிப்ரவரியில் நோன்பு வைத்தே ஆடினார். அந்த மாதத்தின் சிறந்த வீரர் என்ற பரிசும் பெற்றார். ஆனால் அங்கே அது குளிர்காலம். ஆட்டமும் கூரைக்குக் கீழே. நம் ஊர் வெயிலில் மண் தரையில் ஓடுவது வேறு.

தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா 2012 ரம்ஜானில் இங்கிலாந்தில் 311 ரன் எடுத்தார். பயணத்தில் இருந்ததால் அப்போது அவர் நோன்பு வைக்கவில்லை. பயணியும் நோயாளியும் நோன்பைப் பிறகு வைக்கலாம் என்று குர்ஆனே சொல்கிறது. 2025 மார்ச்சில் துபாயில் நம் முகமது ஷமி ஆட்டத்தின் நடுவே ஏதோ குடித்தார். அதற்குச் சிலர் அவரை ஏசினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோன்பு வைப்பதும் விடுவதும் அவரவர் முடிவு. பயிற்சியாளரும் கட்டாயப்படுத்தக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கக் கூடாது.

நோன்பு வைக்கும் பிள்ளைக்கு நேரத்தை மாற்றிக் கொடுங்கள். அந்திக்கு முன் அரை மணி நேரம் லேசான பயிற்சி போதும். உடனே தண்ணீர் கிடைத்துவிடும். கடுமையான ஓட்டமெல்லாம் நோன்பு திறந்து 2 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். விடியலுக்கு முன் எழுவதால் தூக்கம் கெடும். ஆகவே மதியம் சற்றுத் தூங்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தலை சுற்றினால், பேச்சு குழறினால் ஆட்டத்தை நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள். தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.