ஆய்வேடு இருக்கிறது, தரவு எங்கே?



திருவரங்கம் கோயிலுக்குள் ஒரு காலத்தில் நூலகம் இருந்தது. ஹொய்சளர் காலக் கல்வெட்டு ஒன்று அதைச் சொல்கிறது. பாலப்பள்ளி நீலகண்ட நாயக்கர் என்பவர் சரஸ்வதி பண்டாரம் அமைத்து, அங்கே ஹயக்கிரீவரையும் சரஸ்வதியையும் வியாசரையும் எழுந்தருளச் செய்தார். சுவடிக்கென்று தனி இடம், அந்த இடத்துக்குத் தெய்வக் காவல். இது 13ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. இன்று காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், என்.ஐ.டி., ஐ.ஐ.எம்., தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் என்று வரிசையாக நிற்கின்றன. ஊரில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. அந்த ஆய்வுகளின் மூலத்தரவு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "லேப்டாப்ல இருக்கு சார்."

சிரிக்கிறீர்கள். அந்த லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் சிரிப்பு வரும். 'ஃபைனல்' என்று ஒரு கோப்பு. பக்கத்தில் 'ஃபைனல் நியூ'. அதற்கும் கீழே 'ஃபைனல் கைடு கரெக்‌ஷன் 2'. எதில் சரியான எண் இருக்கிறது என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும்.

தரவு என்று எதைச் சொல்கிறேன்? ஆய்வேட்டில் நாம் எழுதும் முடிவுகளுக்கு அடியில் கிடக்கும் மூலப்பொருளைச் சொல்கிறேன். கல்வெட்டின் புகைப்படம், கிராமத்துப் பாட்டியிடம் பதிந்த தாலாட்டு ஒலி, வயலில் எடுத்த அளவு, ஆய்வகக் கருவி தந்த எண்கள், களக்குறிப்பு, எக்செல் தாள் எல்லாம் தரவுதான். ஆய்வேட்டுக்கு நாட்டில் ஒரு வழி பிறந்துவிட்டது. 2009இல் பல்கலைக்கழக மானியக்குழு விதி போட்டது. அதன்படி ஆய்வேட்டின் மின்படி ஷோத்கங்கா களஞ்சியத்துக்குப் போகிறது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் அதை நடத்துகிறது. லட்சக்கணக்கான ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன, வீட்டிலிருந்தே படிக்கலாம். நல்ல காரியம். ஆனால் அங்கே போவது பி.டி.எஃப். மட்டும். முந்நூறு பக்க ஆய்வேட்டுக்கு அடியில் இருந்த மூவாயிரம் படங்களும் நூறு மணி நேர ஒலிப்பதிவும் வைவா முடிந்த மறுநாளே அநாதையாகிவிடுகின்றன.

இதைச் சரியாகச் செய்த இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. புனித வளனார் கல்லூரியில் 1967இல் அருள்தந்தை கே.எம். மேத்யூ தொடங்கிய ராபினாட் தாவரக் காப்பகம் அது. தமிழகச் சமவெளியிலும் குன்றுகளிலும் அலைந்து திரிந்து சேகரித்த செடிகளை வைத்து, 'தி ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாடிக்' என்ற பெருநூலை 1981 முதல் 1983 வரை அவர் கொண்டுவந்தார். நூல் வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று செடிகளைத் தூக்கி எறியவில்லை. அங்கேதான் பாடம் இருக்கிறது.

தாவரக் காப்பகத்துத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அழுத்தி உலர்த்திய செடி, கெட்டித்தாளில் ஒட்டியிருக்கும். மூலையில் ஒரு சீட்டு. செடியின் பெயர், எடுத்த ஊர், தேதி, எடுத்தவர் பெயர், அவருடைய சேகரிப்பு எண், பூவின் நிறம். உலர்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் பூ நிறத்தைக் களத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்தச் சீட்டு கிழிந்து போனால் அந்தச் செடி வெறும் சருகு. எக்செல் தாளுக்கும் இதே கதிதான். 'வி1', 'வி2' என்று தலைப்பிட்ட கட்டங்களில் எண்கள் மட்டும் இருந்தால், அது சென்டிமீட்டரா அங்குலமா, எந்த மாதத்து அளவு என்று ஐந்து வருடம் கழித்து யார் சொல்வது?

தாவரவியலாரிடம் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. ஒரே செடியிலிருந்து ஒரே எண்ணில் நாலைந்து தாள் தயாரித்து, வேறு வேறு ஊர்க் காப்பகங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். 1943 மார்ச்சில் பெர்லின் தாவரக் காப்பகம் குண்டுவீச்சில் எரிந்தது. உலகின் பெரிய சேகரிப்புகளில் ஒன்று சாம்பலானது. முன்பே வெளியூர்களுக்குப் போயிருந்த இரட்டைப்படிகள்தான் இழந்த பலவற்றுக்கு இன்று சாட்சியாக நிற்கின்றன. நம் ஆய்வாளர் என்ன செய்கிறார்? லேப்டாப்பில் ஒரு படி, ஹார்டு டிஸ்க்கில் ஒரு படி எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையோடு சத்திரம் பேருந்து நிலையத்தில் ஓடிப்போய் பஸ் ஏறுகிறார்.

தனிமனிதர் கவனக்குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில், மீகணினியின் காப்புப்படி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் ஏறக்குறைய 77 டெராபைட் ஆய்வுக்கோப்புகள் அழிந்தன. காப்புப்படி எடுக்கப் போன நிரலே அழித்துவிட்டது! 2014இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. செடி, விலங்குகளின் உடலமைப்பு பற்றிய 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களிடமே தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு வயது ஓராண்டு ஏற ஏற, தரவு பிழைத்திருக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு வீதம் சரிந்தது. மின்னஞ்சல் முகவரியே பலருக்கு மாறிவிட்டிருந்தது.

தமிழ் ஆய்வாளருக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. பழைய சி.டி. ஒன்று கிடைக்கிறது, நல்லவேளையாக அது ஓடவும் செய்கிறது. கோப்பைத் திறக்கிறோம். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், முந்நூறு பக்கமும் இப்படித்தான். டி.டி.பி. மையத்துக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என்று எத்தனை எழுத்துருக்களில் தட்டினோம்! 2010இல் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ்க் குறியேற்றத் தரமாக அறிவித்தது. பாமினி போல நாலு பேருக்குத் தெரிந்தவற்றை மாற்றித் தர மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு அச்சகம் தனக்கென்று வைத்திருந்த எழுத்துருவை யார் மாற்றுவது? பேராசிரியர்களே, உங்கள் அலமாரியில் தூங்கும் சி.டி.களை இப்போதே எடுத்து யுனிகோடுக்கு மாற்றுங்கள். படிக்கும் டிரைவ்கூடப் புது லேப்டாப்புகளில் வருவதில்லை.

திருவரங்கத்துக்குத் திரும்புவோம். அந்தக் கோயில் கல்வெட்டுகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல தவணைகளில் படியெடுத்தார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பொறிப்புக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. அவற்றைப் படித்துத் தொகுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் வெளியிட்டார்கள். 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். எந்தப் பிராகாரம், எந்தச் சுவர் என்ற குறிப்போடு. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசி எழுத்தைத் தேய்த்த கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் கல் போய்விட்டது, மைப்படிதான் கல்வெட்டு. திருச்சியில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தார் தாங்கள் கண்டெடுத்த கல்வெட்டுகளின் பாடத்தைத் தங்கள் 'வரலாறு' ஆய்விதழில் அச்சிட்டு வருகிறார்கள். கண்டுபிடித்தோம் என்று செய்தி கொடுத்ததோடு நிற்காமல் பாடத்தையும் தருகிறார்களே, அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

சேகரித்தவர் நினைத்ததற்கு மேல் தரவு உழைக்கும். பேராசிரியர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அச்சில் வந்திருந்த சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களை மட்சுயி என்ற அறிஞரோடு சேர்ந்து கணினியில் ஏற்றி, 1978இல் மூன்று தொகுதிகளாகத் தந்தார்கள். யார் நிலம் வைத்திருந்தார், எவர் அதிகாரி என்ற கேள்விகளுக்கு அதிலிருந்து விடை பிறந்தது. கல்லைப் படியெடுத்த ஊழியர் இதைக் கனவு கண்டிருக்கமாட்டார்.

எல்லாவற்றையும் ஊரறியத் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நேர்காணல் தந்த பெண்ணின் பெயரையும் தெருவையும் மறைத்துத்தான் வைக்க வேண்டும். அரிய செடி வளரும் இடத்தை அச்சிட்டால் மறுவாரமே வேரோடு பிடுங்கிப் போவார்கள். பூட்டி வைக்கலாம், தவறில்லை. ஆனால் 'என் தரவு, என் சொத்து' என்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, ஓய்வுபெற்றபின் எடைக்குப் போடுவது பெருந்தவறு. பொதுப்பணத்தில் ஃபெல்லோஷிப் வாங்கிச் சேர்த்தது தனிச்சொத்து ஆகாது.

ஆகவே கைடுகளே, தரவின் ஒரு படியும் விளக்கச் சீட்டும் துறைக்கு வந்து சேராமல் வைவாவுக்குத் தேதி கேட்காதீர்கள். நூலகர்களே, ரெக்சின் அட்டை போட்ட ஆய்வேட்டோடு அந்தத் தரவையும் கேட்டு வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். மாணவர்களே, ஜெனீவாவில் செர்ன் நடத்தும் ஸெனோடோ களஞ்சியத்தில் காசு கொடுக்காமலே கோப்பை ஏற்றலாம். நிலையான அடையாள எண்ணும் தருவார்கள். உயிரியல் தரவுக்கு ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 முதல் இருக்கிறது. ஆய்வாளர் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: அப்பாவின் பழைய கணினியைக் கடையில் போடுமுன் அவர் வேலை பார்த்த துறைக்கு ஒரு போன் செய்யுங்கள்.