65537: ஓர் எண் தரும் கைவிசேடம்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



புத்தாண்டில் கைவிசேடம் கொடுப்பது எங்கள் வழக்கம். இன்று நான் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணைத் தரப்போகிறேன்: 65537.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஓர் அரிசி வையுங்கோ. அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டு போங்கோ. பதினாறு தரம் இரட்டித்தால் 65536 வரும். ஒன்றைக் கூட்டினால் எங்கடை எண். இது ஒரு முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றிப் பிரிபடாது.

ஒரு தரம், இரண்டு தரம், நாலு தரம், எட்டுத் தரம் இரட்டித்து ஒன்றைக் கூட்டினாலும் 3, 5, 17, 257 என முதன்மை எண்களே வரும். இந்த வரிசையில் வருவதெல்லாம் முதன்மை எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த ஃபெர்மா நம்பினார். அடுத்தது 4294967297. அது 641ஆல் பிரிபடும் என்று 1732இல் ஒய்லர் காட்டினார். ஐந்து தரம் சரிவந்தது எண்டதுக்காக ஆறாந்தரமும் சரிவரும் எண்டில்லை. அதற்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை அகப்படவுமில்லை.

யூரோ வருமுன் பத்து மார்க் தாளில் இருந்த கவுஸை மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். பிரவுண்ஸ்வைக் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1796இல், 18 வயதில், அடிமட்டமும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியை வரையலாம் என்று நிறுவினார். அந்த வழியில் 65537 பக்கங்களுக்கும் முடியும். ஹெர்மெஸ் என்ற ஆசிரியர் 1879 தொடக்கம் பத்து வருடம் செலவழித்து அதற்கான கணிப்பை எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

இதை நான் அறிந்தபோது ஹைமிலை இருந்தன். வேலை செய்ய அனுமதியில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதிலுமில்லை. என்ரை பெட்டிக்குள்ளும் ஒரு கணிதப் பட்டச் சான்றிதழ் கிடந்தது. கேட்பார் இல்லை. ஓர் இரவு 65537ஐ, 256க்கு உட்பட்ட முதன்மை எண்களால் ஒவ்வொன்றாகப் பிரித்தன். 54 தரம் பிரித்தன், ஒவ்வொரு தரமும் மீதி வந்தது. விடியேக்கை, கனகாலத்துக்குப் பிறகு ஒரு வேலையை முடிச்ச நிம்மதி எனக்கு.

இன்று இணையத்தில் இரகசியங்களைப் பூட்டும் ஒரு முறையில் பெரும்பாலும் இதே எண்தான் பயன்படுகிறது. ஹெர்மெஸ் இதைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

பிள்ளைகளே, இன்று வீட்டை போய் 4294967297ஐ 641ஆல் பிரியுங்கோ. விடை 6700417 வரவேணும். பெற்றோரே, பக்கத்தில் இருங்கோ. பிழைச்சால் ஏசாதேங்கோ, இன்னொரு தாளைக் குடுங்கோ.